நாகப்பட்டினத்து மதகு: குடியேற்ற அலை என்றால் என்ன?

நாகூர் தர்கா எத்தனை இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் சிரிப்பார்கள். நாகூரில் இருப்பதுதானே நாகூர் தர்கா? ஆனால் பினாங்கில் ஒன்று இருக்கிறது, சூலியா தெருவில். சிங்கப்பூரில் ஒன்று இருக்கிறது, தெலுக் ஆயர் தெருவில். அது 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. அந்த இரண்டிலும் நாகூர் ஆண்டவர் அடங்கியிருக்கவில்லை. கப்பலேறிப் போனவர்கள், பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றியாக எழுப்பிய நினைவிடங்கள் அவை.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் சிங்கப்பூர் தர்காவின் படத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு, "மாமா, இது எப்படி அங்க போச்சு?" என்றாள். ஒன்பதாம் வகுப்பு. "நீதான் பாடத்துல குடியேற்ற அலைன்னு படிச்சியே, அதுல போனதுதான்" என்றேன். "அது அமெரிக்காவுக்கு மாமா" என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, "அலைன்னா என்ன, கும்பலா போறதா?" என்று கேட்டாள். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. குடியேற்ற அலை என்றதும் எல்லோரும் அமெரிக்காவைத்தான் காட்டுவார்கள். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது, ஐரிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். ஜெர்மானியர்கள் போனார்கள். பிறகு இத்தாலியர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். 1892-இல் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது. 1924-இல் சட்டம் போட்டுக் கதவை ஏறக்குறைய மூடினார்கள். சரி, அது பெரிய கதைதான். ஆனால் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு அலை என்றால் என்ன என்று விளங்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மலேசியா இருக்கிறது, 1957-இல் மலாயா என்ற பெயரில் விடுதலை பெற்ற நாடு. சிங்கப்பூர் தனி நாடானது 1965-இல். என் அப்பாவைவிட வயதில் சின்ன நாடு. இரண்டுமே வந்து சேர்ந்தவர்களால் உருவானவை. வந்த தமிழர்களில் ஒரு பெரும் பங்கு நாகப்பட்டினம் துறைமுகம் வழியாகத்தான் போனது.

முதலில் சொல்லின் பொருள். ஆட்கள் ஒருவர் இருவராக ஊர் விட்டு ஊர் போவது எப்போதும் நடக்கும். அதை யாரும் அலை என்று சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சில ஊர்களிலிருந்து, குறிப்பிட்ட ஒரு பிழைப்புக்காக ஏராளமான பேர் போய், பிறகு அந்தப் போக்கு அடங்கிவிட்டால் அது அலை. அப்புறம் வேறு காரணத்துக்காக, வேறு ஆட்களோடு இன்னொன்று கிளம்பும்.

அலை என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடலலை தானாக எழும், யாரும் எழுப்புவதில்லை. மனிதர்கள் போவது அப்படியில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் பாய்கிற மாதிரி என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். தண்ணீர் வயலுக்கு வர மூன்று வேண்டும். வாட்டம் வேண்டும்: ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்க வேண்டும். வாய்க்கால் வேண்டும். மதகு திறந்திருக்க வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் கடைமடைக்கு ஒரு சொட்டு வராது. குடியேற்றத்திலும் இங்கே இல்லாமையும் அங்கே தேவையும் சேர்ந்துதான் வாட்டம். அறிஞர்கள் இதைத் தள்ளும் காரணம், இழுக்கும் காரணம் என்று பிரித்துச் சொல்வார்கள். கப்பல், தரகர், முன்னால் போன சொந்தக்காரர் ஆகியவை வாய்க்கால். சட்டம் மதகு. அந்த மதகின் சாவி போகிறவன் கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடாரம் என்றதும் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் அனுப்பிய கடற்படையைத்தான் நாம் பெருமையாகப் பேசுவோம். அது படையெடுப்பு, குடியேற்றம் அல்ல. அதற்கு இருபது வருடம் முன்பே போக்கு எதிர்த் திசையிலும் இருந்தது. ராஜராஜன் காலத்தில் கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தைக் கட்டினான், ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்குத் தானமாகப் போனது. நம் ஊரில் அவர்களுடைய கோயில். எண்ணூறு வருடம் கழித்து அவர்கள் ஊரில் நம்முடைய தர்கா. இந்தக் கடல் ரொம்ப காலமாகவே ஒரு தெரு மாதிரிதான்.

பாய்மரத்தில் போனவர்கள்

இப்போதைய மலேசியாவின் கதையைப் பெரும்பாலும் 1786-இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டு பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயன், கெடா சுல்தானுக்கு உரிய பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினான். கெடா என்பதுதான் நம் பழைய கடாரம். 1819-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினான். புது ஊர், வரி குறைவான துறைமுகம். வியாபாரிகளுக்கு அழைப்பு வேறு எதற்கு?

சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் மற்ற தமிழ் முஸ்லிம்களும் துணி மூட்டைகளோடு போனார்கள். அங்கே அவர்களுக்குச் சூலியா என்று பெயர். சோழ என்ற சொல்லோடு சேர்த்துத்தான் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர்களுடையது. சிங்கப்பூரில் 1827-இல் மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளை, ராஃபிள்ஸோடு கப்பலில் வந்திறங்கியவர். இவர்கள் யாரும் கூலிக்குப் போனவர்கள் அல்ல. சொந்தக் காசில் போய், காற்றுக் காலம் பார்த்துத் திரும்பி வந்தவர்கள். நாகூர்ப் பக்கம் இப்படிக் கடல் கடந்து பிழைப்பவரைச் சபராளி என்பார்கள். சிலர் மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். இன்றைக்கு மலேசியாவில் 'மாமாக்' கடை என்றால் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அந்தச் சொல்லுக்குள் இருப்பது நம் மாமா. காவடி போலத் தோளில் கம்பு போட்டுச் சோறு தூக்கி விற்றதால்தான் அங்கே நாசி கண்டார் என்று ஒரு சாப்பாடு.

இதே காலத்தில் இன்னொரு கூட்டமும் போனது. இந்தியாவிலிருந்து நாடு கடத்திய கைதிகள். சிங்கப்பூரின் பழைய சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியது அவர்கள் உழைப்புதான். அவர்களுக்குக் கோயிலும் இல்லை, தெருப் பெயரும் இல்லை.

சீனர்களின் அலையைப் பற்றி இங்கே வேகமாகத்தான் சொல்ல முடியும். 1840-களில் பேராக்கின் லாரூட்டில் ஈயம் கிடைத்தது, தகரம் பூசுகிற வெள்ளீயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தகர டப்பாவில் உணவு அடைப்பது பெருகியபோது ஈயத்துக்குக் கிராக்கி ஏறியது. தென்சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சுரங்கத்துக்காக அவர்களுடைய ரகசியச் சங்கங்கள் ஒன்றோடொன்று மோதின. அதைச் சாக்காக வைத்து 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் மூலம் ஆங்கிலேயர் மலாய் அரசுகளுக்குள் கால் வைத்தனர். கோலாலம்பூர் அப்படி ஈயம் தோண்ட வந்தவர்கள் போட்ட ஊர்தான். குடியேற்றம் வரலாற்றை மாற்றியது என்று பொதுவாகச் சொல்கிறோமே, இந்த இடத்தில் அதைத் தொட்டே பார்க்கலாம்: வந்த கூலிகளின் சண்டையால் ஒரு நாட்டின் ஆட்சியே கை மாறியது.

பால்மரத்துக்குப் போனவர்கள்

இனி வருவதுதான் டெல்டாவின் சொந்தக் கதை. இதில் கொஞ்சம் நின்று போகலாம்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை 1833-இல் சட்டப்படி ஒழித்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தக் கூலி என்ற முறை வந்தது. கப்பல் செலவை முதலாளி கொடுப்பான். அந்தக் கடன் தீரும்வரை, சில வருடம், வேறு எங்கும் போகாமல் உழைக்க வேண்டும். ஓடினால் சிறை. பினாங்குக்கு எதிர்க் கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு முதலில் போனவர்கள் இப்படித்தான் போனார்கள்.

போனவர்கள் யார்? தஞ்சை என்றாலே நெற்களஞ்சியம் என்கிறோம். களஞ்சியத்துச் சாவி மிராசுதாரிடம் இருந்தது. நாற்று நட்டவர்கள், குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினர், பண்ணையாட்களாகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையோடு கட்டுண்டு கிடந்தார்கள். கூலி என்பது அளந்து போடும் நெல். கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். அவர்களுக்குப் பினாங்கு என்பது ஒரு தப்பும் வழி. 'பினாங்குக்கு ஓடிட்டான்' என்று கிராமத்தில் சொன்னால் அதில் பாதி வசையும் பாதி பொறாமையும் இருக்கும். ஆட்கள் போவதைப் பற்றி மிராசுதார்கள் அரசிடம் புகார் செய்தார்கள். வேலைக்காரன் போய்விடுவான் என்ற பயம் வந்த பிறகுதான் அவனுடைய மதிப்பு அவர்களுக்குத் தெரிந்தது.

நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் இணைக்கும் ரயில் பாதை 1861, 62 ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. ரயில் நேராகத் துறைமுகத்தில் கொண்டு போய் விட்டது. அதனால் டெல்டா மட்டுமல்லாமல் திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஆட்களும் இந்த வாய்க்காலில் சேர்ந்துகொண்டார்கள். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருடப் பஞ்சம் இன்னும் பல பேரைத் தள்ளியது.

மதகு என்று சொன்னேனே, அதற்கு ஓர் உதாரணம். பினாங்கும் சிங்கப்பூரும் 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்தன. அந்த ஆண்டு அவற்றைத் தனியாகப் பிரித்து லண்டனின் கீழ் வைத்தார்கள். அதுவரை உள்நாட்டுப் பயணமாக இருந்தது, ஒரு கையெழுத்தில் வெளிநாட்டுக் குடிபெயர்வு ஆகிவிட்டது. பிறகு ஓர் அதிகாரி சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது ஆள் அனுப்புவதே சட்ட விரோதம் என்று தெரிந்தது. சில காலம் கப்பல் நின்றது. 1872-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். பசியும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. காகிதம்தான் மாறியிருந்தது.

அப்புறம் ரப்பர் வந்தது. பிரேசிலின் மரம். லண்டன் வழியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரவியல் பூங்காவைக் கவனித்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, பார்க்கிற தோட்டக்காரர் எல்லோரிடமும் ரப்பர் நடச் சொல்லிக் கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று பேர் வைத்தார்கள். பிறகு காப்பி விலை விழுந்தது, மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910 வாக்கில் விலை உச்சத்துக்குப் போனது. லண்டனில் கம்பெனிப் பங்குகள் விற்றன. பால் வெட்ட ஆள் தேடியது நாகப்பட்டினத்தில்.

இந்த நேரத்தில் ஒப்பந்தக் கூலி முறைக்குக் கெட்ட பேர் வந்து, 1910-இல் மலாயாவுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்தில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது கங்காணி முறை. என் பார்வையில் குடியேற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரைத் துரை கங்காணியாக்கி, உரிமச் சீட்டுக் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவார். அவர் நல்ல வேட்டி, சட்டை, கையில் கடிகாரம் என்று வந்து இறங்குவார். பேசவே வேண்டாம், அந்தக் கடிகாரமே பேசும். தன் சாதி சனம், மாமன் மச்சான், பக்கத்துத் தெரு என்று இருபது முப்பது பேரைச் சேர்ப்பார். கிராம முனிசீப்பு ஒப்புதல் தர வேண்டும். பிறகு கப்பல் வரும்வரை ஆட்களை வைத்திருக்கும் நாகப்பட்டினம் டிப்போ, அங்கே மருத்துவப் பரிசோதனை, கப்பல். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைப்பது தலைக்காசு. 1907-இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதியில் தோட்ட முதலாளிகள் எல்லோரும் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பல் செலவு போனதால், போகிறவன் தலையில் கப்பல் கடன் விழவில்லை.

இதனால் ஒரு கிராமத்தின் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து ஒரு தோட்டத்தில் உட்கார்ந்தது. அதே உறவு முறை, அதே காளியம்மன், அதே சாதிப் பிரிவும்கூட. விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்துப் போன சில சங்கதிகள், பெட்டியோடு சேர்ந்து கப்பலேறிவிட்டன. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டு, பால்வெட்டு, மரத்தில் உறைந்த ஒட்டுப்பால், கணக்குப் பிள்ளையாகக் கிராணி. ரப்பருக்கு அங்கே நம்மவர்கள் வைத்த பேர் கித்தா. மலாய்ச் சொல்லான கெத்தா தமிழ் வாயில் அப்படி ஆனது.

கப்பல்களில் பேர் பெற்றது ரஜுலா. 1926-இல் கட்டியது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடி 1973-இல்தான் ஓய்ந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் என்றால் பாயும் மூட்டையும் போட்டு மேல்தட்டில் கிடப்பது. நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது. படகில் போய், ஆடுகிற படகிலிருந்து கப்பல் படியைப் பிடித்து ஏற வேண்டும். என் பாட்டி கடலைக் காட்டிலும் அந்தப் படியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். பினாங்கு போனால் ஜெரஜாக் தீவில் தடுப்பு முகாம். அம்மை, காலரா இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விடுவார்கள். எல்லிஸ் தீவுக்கு இருக்கும் புகழில் நூறில் ஒரு பங்குகூட அந்தத் தீவுக்கு இல்லை.

1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர் ஆறு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர். அந்தக் கணக்கில் சிங்கப்பூரையும் சேர்த்தால் சீனர் எண்ணிக்கை மலாய்க்காரர்களை எட்டிப் பிடித்துத் தாண்டியிருந்தது. ஈயச் சுரங்கத்தில் சீனர், ரப்பர் தோட்டத்தில் தமிழர், நெல் வயலில் மலாய்க்காரர், போலீஸில் சீக்கியர், ரயில்வே அலுவலகத்தில் யாழ்ப்பாணத்தார், வட்டிக் கடையில் செட்டியார் என்று ஒவ்வொரு அலையும் ஒரு வேலையில் போய்ப் படிந்தது. வண்டல் அடுக்கடுக்காகப் படிகிற மாதிரி. எப்போது வந்தாய், என்ன வேலைக்கு வந்தாய் என்பதே பேரப் பிள்ளைகளின் நிலையையும் தீர்மானித்தது. தமிழ் அடுக்கு அடியில் இருந்தது. ஒரே மாதிரி வேலைக்குக்கூடச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி கிடைத்தது. 1920-களின் கடைசியில் தமிழருக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40.

மதகு மூடியபோது

அலைக்கு ஒரு இறக்கமும் உண்டு. அதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. அரசே கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்பியது. அழைக்கும்போது கங்காணி வீட்டு வாசல் வரை வந்தார். அனுப்பும்போது யாரும் வரவில்லை. 1938-இல் இந்திய அரசு, கூலி விவகாரத்தில் மலாயாவோடு ஒத்துப்போகாமல், உதவி பெற்றுப் போகும் கூலிக் குடிபெயர்வையே நிறுத்தியது. கங்காணி முறை அதோடு முடிந்தது. மொத்தமாகப் பார்த்தால், 1786 முதல் விடுதலை வரை நாற்பது லட்சம் இந்தியர்களாவது மலாயாவுக்குள் வந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் கணக்கு. அதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. கணிசமான ஒரு பகுதி மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் அங்கேயே மடிந்தது.

ஆனால் மூடிய மதகு ஒரு விசித்திரமான காரியம் செய்தது. அதுவரை தோட்டத்துத் தமிழன் என்றால் வந்து போகிறவன். புது ஆள் வராமல் போனதும், இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்களாக மாறத் தொடங்கினார்கள். பெண்கள் போயிருந்தார்கள், குடும்பங்கள் உண்டாகியிருந்தன. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி என்றால் பல இடத்தில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். இன்றைக்கு மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றனவே, அதற்கு வேர் அந்தக் கொட்டகைகள்.

அங்கேயே இருக்கப் போகிறோம் என்றானதும் உரிமை கேட்கத் தோன்றும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. சம கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொரு கோரிக்கை என்னை எப்போதும் நிறுத்திவிடும்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போருக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, மலாயாவின் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கே தலைவரானார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரநிலைக் காலத்தில், 1949 மே 4-ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். எங்கள் பக்கம் இன்றும் மலேயா கணபதி என்றால் வயதானவர்கள் குரல் தாழும்.

பிறகு 1950-களில் அந்தக் கேள்வி வந்தது: இந்த நாடு யாருடையது? புது நாடுகள் எல்லாவற்றுக்கும் வரும் கேள்விதான். மலாயாவில் மலாய், சீன, இந்தியக் கட்சிகள் மூன்றும் கூட்டணி அமைத்து 1955 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ வென்றன. அவர்கள் பேசி முடித்த ஏற்பாட்டில், வந்தவர்களுக்கும் அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைக்க வழி பிறந்தது. மலாய்க்காரர்களுக்குத் தனி இடம் உறுதியானது. சிங்கப்பூரில் திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி, 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியவர், குடியுரிமைக்குப் பதிவு செய்யுங்கள் என்று தமிழர்களைத் துரத்தித் துரத்திச் சொன்னார். ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம், பதிவு எதற்கு என்று அப்போது நினைத்தவர்கள் நிறைய. சிங்கப்பூர் 1965-இல் தனி நாடானபோது நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்றாகத் தமிழ் நின்றது என்றால், அந்தப் பதிவுகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

மலேசியாவில் இன்று மலாய்க்காரர்களும் பழங்குடிகளும் பூமிபுத்திரா. மற்றவர்களைக் கோபத்தில் பெண்டாத்தாங் என்பார்கள், வந்தவன் என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை. பூமிபுத்திரா என்ற சொல்லே சமஸ்கிருதம். அதுவும் கப்பலேறி வந்ததுதான். மலாய்க்காரர் என்று எண்ணப்படும் பலருடைய முன்னோர் சுமத்ராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் சுலவேசியிலிருந்தும் வந்தவர்கள். நம்மை மட்டும் என்ன சொல்ல? தஞ்சாவூரில் நாயக்கர்களோடு தெலுங்கர்கள் வந்தார்கள், மராத்தியர்கள் வந்தார்கள், பட்டு நெசவோடு சௌராஷ்டிரர்கள் வந்தார்கள். நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனாராவைக் கட்டிக் கொடுத்தவர் பிரதாப சிம்மர் என்ற மராத்திய அரசர். எங்கள் டெல்டா மண்ணே காவிரி எங்கிருந்தோ கரைத்துக் கொண்டு வந்து போட்டது.

பதிவு செய்யாதவர்கள் கதை மலேசியாவில் எப்படி முடிந்தது என்று அக்கா மகள் கேட்டாள். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் இறுகியது. முப்பது வருடம் அதே மரத்தில் பால் வெட்டியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகையில் வந்து இறங்கினார்கள். தங்கியவர்களில் சிலர் சிவப்பு அடையாள அட்டையோடே கிழவர்களாகிவிட்டார்கள். குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. ரஜுலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல் வழியும் முடிந்தது. தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. அங்கே இன்று வேலை செய்கிறவர்கள் இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவர்களும். அது அடுத்த அலை.

டெல்டாவில் வாய்க்கால் வற்றிவிடவில்லை. இப்போது அது திருச்சி விமான நிலையம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பேராவூரணிப் பையன்கள் 'சிங்கப்பூர் டெஸ்ட்' அடிக்கப் போகிறார்கள்: வெல்டிங், குழாய் வேலை, மின்வேலையில் தேர்வு வைத்து, தேறினால் வேலை அனுமதிச் சீட்டு. கங்காணியின் இடத்தில் ஏஜென்ட். கப்பல் கடனின் இடத்தில் ஏஜென்ட் கமிஷன். அதற்கு அடகு வைப்பது அம்மாவின் நகை. கட்டடம் கட்டுகிறார்கள், கப்பல் பட்டறையில் உழைக்கிறார்கள். ஆனால் இந்த மதகை வேறு மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள். சாதாரண வேலை அனுமதியில் போகிறவர் குடும்பத்தை அழைத்து வர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளைத் திருமணம் செய்ய வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். சீட்டு முடிந்தால் திரும்ப வேண்டும்.

"அப்ப அவங்க அங்க தர்கா, கோயிலெல்லாம் கட்ட முடியாதா மாமா?" என்றாள் அக்கா மகள்.

"கட்டுறது அவங்கதான். மேஸ்திரி வேலையே அதுதானே."

"அது இல்ல மாமா. அவங்களுக்குன்னு."

அவளுடைய அண்ணன் போன மாதம்தான் டெஸ்ட் எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை.